ஊசிக்கு முன் ஸ்கேல்



சிரிப்பு வந்தாலே கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பெண் ஒருத்தி நாற்காலியில் வந்து உட்காருகிறாள். இன்னும் இருபது நாளில் கல்யாணம். போட்டோவில் ஈறு தெரியக் கூடாதாம். போடாக்ஸ் போட முடியுமா என்று கேட்கிறாள். அப்போது மருத்துவரின் கை போக வேண்டியது மருந்து இருக்கும் ஃபிரிட்ஜுக்கு அல்ல, ஸ்கேலுக்கு.

முதலில் உதட்டை அசைக்காமல் இருக்கச் சொல்லி மேலுதட்டின் நீளத்தை அளக்க வேண்டும். பிறகு வாய்விட்டுச் சிரிக்கவைத்து, பல்லுக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் ஈறு தெரிகிறது என்று பார்க்க வேண்டும். சிரிக்கச் சொன்னால் பலர் பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொள்வார்கள். கூட வந்தவரைப் பேசவிட்டால் முழுச் சிரிப்பும் வரும். பல் குட்டையாகத் தெரிந்தால் ஈறு பல்லின் மேல் இறங்கி மூடியிருக்கலாம்; அதற்கு ஈறு அறுவை. மேல்தாடை எலும்பே நீண்டிருந்தால் தாடை அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வலிப்பு மாத்திரை ஃபெனிட்டாயின் சாப்பிட்டு ஈறு வீங்கியவருக்கு ஊசி போட்டு என்ன பயன்? போடாக்ஸ் தளர்த்துவது தசையைத்தான்; அதனால் உதட்டைத் தூக்கும் தசை அளவுக்கு மேல் இழுக்கிறதா என்பதுதான் கேள்வி.

போர்ட்டோ ரிக்கோவின் பல் சீரமைப்பு மருத்துவர் மாரியோ போலோ, தசை அப்படி அதிகம் இழுப்பவர்களைத்தான் தன் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். 2005இல் வெறும் ஐந்து பேர், 2008இல் முப்பது பேர். சராசரியாக 5.2 மி.மீ. தெரிந்த ஈறு, ஊசி போட்ட இரண்டு வாரத்தில் ஏறக்குறைய மறைந்தே போனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்த்தாலும் 24 வாரத்தில்கூடப் பழைய அளவை எட்டவில்லை. பலருக்கு மூன்று, நான்கு மாதத்திலேயே பலன் மங்கிவிடும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. ஐந்து பேரோடு தொடங்கி மூன்றாண்டு பொறுத்த அந்த நிதானம் பாராட்டத்தக்கது.

எங்கே குத்துவது? சியோலின் யோன்செய் பல்கலைக்கழகக் குழு 2009இல் ஓர் இடம் காட்டியது: மூக்கு மடலுக்குப் பக்கவாட்டில் 1 செ.மீ., உதட்டுக் கோட்டுக்கு மேலே 3 செ.மீ. உதட்டைத் தூக்கும் மூன்று தசைகளும் அங்கே கூடுகின்றன. ஆனால் அது கொரிய முகங்களில் எடுத்த கணக்கு. எதிரில் இருப்பவரைச் சிரிக்கவைத்து, தசை திரளும் இடத்தை விரலால் தொட்டுப் பார்க்காமல் குத்தக் கூடாது.

100 யூனிட் குப்பியில் 2.5 மில்லி சலைன் கலந்தால் 0.1 மில்லியில் 4 யூனிட் இருக்கும். போலோ ஓரிடத்தில் போட்ட 2.5 யூனிட், அந்தக் கணக்கில் 0.06 மில்லியைச் சற்றே தாண்டும், சிறு துளிதான். டிஸ்போர்ட் என்னும் இன்னொரு தயாரிப்பின் யூனிட் வேறு, போடாக்ஸ் யூனிட் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. மருந்து குறைந்துபோனால் பிறகு கூட்டலாம். கூடிப்போனால் உதடு தொங்கி, சிரிப்பே கோணி, மருந்தின் வீரியம் குறையும்வரை அவள் அப்படியே நடமாட வேண்டும். இருபது நாள் கெடு வைத்து வந்தவளிடம் இதை மறைப்பது அநியாயம். கர்ப்பிணிக்கும், பாலூட்டுபவருக்கும், மயஸ்தீனியா என்னும் தசைத் தளர்ச்சி நோய் உள்ளவருக்கும் இந்த ஊசி வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து வரும்போது, பழக்க தோஷத்தில் அவள் கை மறுபடியும் வாய்க்குத்தான் போகும். அதை இறக்கச் சொல்லிவிட்டு, அதே ஸ்கேலால் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும்.