மீன் எண்ணெய் நீரிழிவைத் தீர்க்குமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன்

“நீ காலேஜிலே படிக்கிறவன். மீன் எண்ணெய் மாத்திரை போட்டா அப்பாவுக்குச் சர்க்கரை இறங்குமாடா?” என்று விடுமுறையில் என் தாயார் கேட்டார். அடுத்த தெருக்காரர் ஒருவருக்கு அதனால் குணமானதாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல நாணி நூலகத்தை நாடினேன். அங்கு அறிந்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மீன் எண்ணெயின் புகழ் கிரீன்லாந்தில் தொடங்கியது. 1970-களில் பேங், டையர்பெர்க் என்னும் டென்மார்க் ஆய்வாளர்கள் அங்குள்ள இனூயிட் மக்களின் இரத்தத்தைச் சோதித்தனர். சீல், திமிங்கிலம், மீன் ஆகியவற்றின் கொழுப்பை மிகுதியாக உண்ட அவர்களுக்கு டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு குறைவாக இருந்தது. அவ்வுணவிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களே இதற்குக் காரணம் என்ற கருத்து பரவியது. மெத்தில் முனையிலிருந்து எண்ணினால் மூன்றாம் கார்பனில் முதல் இரட்டைப் பிணைப்பு அமைவதால் அவற்றுக்கு இப்பெயர்.

நீரிழிவுக்கு இது உதவுமா? 23 சோதனைகளை, 1,075 நோயாளிகளின் விவரங்களோடு தொகுத்த காக்ரேன் மதிப்பீடு 2008-இல் வெளிவந்தது. டிரைகிளிசரைடு குறைந்தது; சர்க்கரைக் கட்டுப்பாட்டிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

சர்க்கரை இறங்காவிட்டாலும் இதயத்தைக் காக்குமா? பிரிட்டனில் நடந்த ‘அசெண்ட்’ ஆய்வில் 15,480 நீரிழிவு நோயாளிகள் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்கு நாள்தோறும் ஒமேகா-3 அடங்கிய 1 கிராம் மாத்திரை; மறுபாதியினருக்கு அதே தோற்றத்தில் ஆலிவ் எண்ணெய். எவருக்கு எது என்பது அவர்களுக்கே தெரியாது. சராசரி 7.4 ஆண்டுகளுக்குப் பின், 2018-இல் முடிவு வெளியாயிற்று. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை முதற்பிரிவில் 8.9 சதவீதத்தினரையும், மறுபிரிவில் 9.2 சதவீதத்தினரையும் தாக்கின. இச்சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே.

ஆலிவ் எண்ணெய் எதற்கு என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. பிறகு அடுத்த தெருக்காரரை நினைத்துப் பார்த்தேன். அவர் அதே மாதத்தில் சோற்றைக் குறைத்து, காலையில் நடக்கவும் தொடங்கியிருந்தார். சர்க்கரையை இறக்கியது எண்ணெயா, நடையா? ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு பிரிவு இல்லாமல் இக்கேள்விக்கு விடை இல்லை. நம் ஆய்வுக்கூடத்தில் வெற்றுச் சோதனை செய்கிறோமே, அதன் பயன் எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஊருக்கு விரைந்தேன். அதற்குள் அப்பா மருத்துவர் தந்த மாத்திரையைப் பத்து நாளாக நிறுத்தியிருந்தார். இரத்தச் சர்க்கரை 310. உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, மருந்தை மீண்டும் தொடங்கினோம்.

“அப்போ மீனே வேண்டாமா?” என்றார் அம்மா. “மீன் குழம்பு வைம்மா, நல்லதுதான். ஆனா மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது” என்றேன். நான் கற்ற கல்வி என் வீட்டிற்குப் பயன்பட்ட முதல் நாள் அது.