பழைய என்ஜினை எடைக்குப் போடுமுன் அறிய வேண்டியவை

தோட்டப்புறங்களில் சில வீடுகளின் பின்புறத்தே, ஓடாத பழைய கார் ஒன்று தகரக் கொட்டகையில் கிடப்பதைக் காணலாம். பழைய இரும்பு வியாபாரி வந்ததும் அதன் என்ஜின் எடைக்குப் போய்விடுகிறது. இரும்புக்கு ஒரு விலை. பழைய கார்களைப் பேணுவோர் தேடும் என்ஜினுக்கு வேறொரு விலை. இவ்வேறுபாட்டை அறியாதவர் நட்டமடைவார்.

மோரிஸ் மைனர் காரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான இக்காரில் முதலில் 918 சி.சி. என்ஜின் இருந்தது. பின்னர் 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 சி.சி. என்ஜின்கள் வந்தன. காரின் ஆண்டை மட்டும் கொண்டு என்ஜினை முடிவு செய்யலாகாது, இடையில் மாற்றப்பட்டிருக்கலாம். ஆகவே எண்ணைப் பாருங்கள். பின்னைய என்ஜின்களில், வலப்புறம் டைனமோவுக்கு மேலே சிறு உலோகத் தகடு இருக்கும். எண் ‘9எம்’ எனத் தொடங்கினால் 948, ‘10எம்.ஏ.’ எனத் தொடங்கினால் 1098 சி.சி. ஆகும். தகட்டைத் துணியால் மெல்லத் துடையுங்கள். சுரண்டவோ கழற்றவோ வேண்டாம். எண் அழிந்தால் விலை குறையும். திருட்டுப் பொருளோ என்ற ஐயமும் எழும்.

அடுத்து, என்ஜின் சுழல்கிறதா எனப் பாருங்கள். இறுகியிருந்தால் பலவந்தம் செய்யாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளில் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் கழித்துக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். கார்புரேட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் ஆகியவற்றைத் தனித்தனியே விற்றுவிடாதீர்கள். முழுமையான என்ஜினையே வாங்குவோர் விரும்புவர்.

விற்குமுன் என்ஜின் எண்ணை வாகனப் பதிவுப் பத்திரத்துடன் ஒப்பிடுங்கள். கார் காலஞ்சென்ற தந்தையார் பெயரில் இருந்தால், உரிமையை முதலில் சட்டப்படி ஒழுங்குபடுத்துங்கள். பதிவிலுள்ள காரின் என்ஜினைப் பிரிக்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்தறிவது நலம். 1946ஆம் ஆண்டின் பயன்படுத்திய பொருள் வியாபாரிகள் சட்டப்படி அத்தகைய வியாபாரிக்கு உரிமம் தேவை. அதைக் காட்டும்படி கேளுங்கள். ஒருவர் கூறும் விலைக்கே இசையாமல், இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள்.

தேதி, தொகை, என்ஜின் எண், வாங்குபவரின் பெயர், அடையாள அட்டை எண் ஆகியவற்றை எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஏதேனும் வினா எழுமாயின், அந்தத் தாளே உங்களுக்குச் சான்றாகும்.