பௌதிகக் கைநூல் வாங்கும் முன்

நம்மில் பெரும்பாலோர் வியாபாரிகள். மிளகு வாங்கினால் உள்ளங்கையில் வைத்து நசுக்கி முகர்ந்து பார்க்கிறோம். அரிசி வாங்கினால் நாலு மணியைப் பல்லில் கடித்துப் பார்க்கிறோம். ஆனால் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கைநூல் வாங்கப் போனால் மட்டும் அட்டையைப் பார்த்ததும் காசை நீட்டிவிடுகிறோம்.

நான் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு கடைக்கு வந்தவன். பௌதிகம் எனக்கு ஒரு வரி தெரியாது. (இக்காலத்தில் இயற்பியல் என்கிறார்கள், பிள்ளைகள் ஃபிசிக் என்கிறார்கள்.) 2022-ஆம் ஆண்டில் என் மூத்த மகன் நான்காம் படிவத்துக்குப் போனபோது, பழைய புத்தகக் கடை ஒன்றில் தடிமனான கைநூல் மலிவாகக் கிடைத்தது. கனம்தான் தரம் என்று நினைத்து வாங்கிக் கொடுத்தேன். பள்ளியில் ஆசிரியர் எல்லாப் பாடத்தையும் நடத்தினார்தான். ஆனால் பையன் இரவில் திரும்பப் படித்ததெல்லாம் நான் கொடுத்த நூலை. அதில் இல்லாதது பரீட்சைக்கு வராது என்று எண்ணிவிட்டான். ஐந்தாம் படிவத்தில் மாதிரிப் பரீட்சை எழுதிவிட்டு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். “அத்தா, கேள்வியில் வந்த பாடமே நம்ம புத்தகத்தில் இல்லை” என்றான்.

விசாரித்த பிறகுதான் விளங்கியது. எஸ்.பி.எம். பரீட்சை 2021 முதல் கே.எஸ்.எஸ்.எம். என்னும் பாடத்திட்டப்படி நடக்கிறது. நான் வாங்கியதோ அதற்கு முந்திய கே.பி.எஸ்.எம். நூல். வேற்றுமை பொருளடக்கத்திலேயே தெரியும். புதியதில் நான்காம் படிவத்துக்கு ‘ஈர்ப்பு’ என்று தனி அத்தியாயம் உண்டு. நியூட்டனின் ஈர்ப்பு விதி, கெப்ளரின் விதிகள், செயற்கைக்கோள்கள் எல்லாம் அதில் வரும். ஐந்தாம் படிவத்தின் முடிவில் ‘குவாண்டம் பௌதிகம்’ வரும். இவ்விரண்டு அத்தியாயமும் பழையதில் கிடையா. மலாய் நூலானால் ‘கெகிராவித்தியன்’, ‘குவாந்தும்’ என்ற தலைப்புகளைத் தேடுங்கள். மாதிரி வினாத்தாளையும் புரட்டுங்கள். முதல் தாளில் இப்போது 40 கேள்விகள், ஒன்றேகால் மணி நேரம். பழையதில் 50 கேள்விகள். இரண்டாம் தாள் 100 புள்ளிகள், இரண்டரை மணி நேரம். மூன்றாம் தாள் முன்பு பரிசோதனையைப் பற்றி எழுதும் தாளாக இருந்தது. இப்போது கையால் செய்து காட்டும் சோதனை. என் மகன் பழைய மூன்றாம் தாளுக்கு எத்தனையோ இரவுகளைச் செலவழித்திருந்தான்.

புதிய பதிப்புதான் என்று உறுதியான பின், உள்ளே சரக்கு எப்படி? பெலாங்கி, சாஸ்பாடி முதலிய பதிப்பகங்கள் பலவும் கைநூல் போடுகின்றன. பெயரைக் கேட்டு வாங்குவதைவிட ஒரே பாடத்தை இரண்டு நூல்களில் ஒப்பிட்டுப் பார்ப்பது மேல். நமக்குப் பழகிய பாடம் ஒன்று இருக்கிறது: நிறையும் எடையும்.

நாம் கடையில் “எடை 5 கிலோ” என்கிறோம். பௌதிகத்தில் கிலோ என்பது நிறை, மலாயில் ஜிசிம். எடை, அதாவது பெராட், பூமி அந்தப் பையை இழுக்கும் விசை. அதை நியூட்டன் கணக்கில் சொல்ல வேண்டும். 5-ஐ 9.81-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 49 நியூட்டன். அதே பையை நிலவுக்குக் கொண்டுபோனால் நிறை மாறாது. எடை மட்டும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகும். (கடன் பாக்கி எங்கே போனாலும் குறைவதில்லை!) இதை இவ்வாறு காரணத்தோடு விளக்கி, ஒவ்வொரு படியிலும் அலகை எழுதிக் கணக்குப் போட்டுக் காட்டும் நூல் நல்ல நூல். வெறும் சூத்திரத்தைப் பெட்டிகட்டிப் போட்டு அடுத்த பக்கம் போகும் நூலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள்.

விடைப் பக்கத்தையும் பாருங்கள். ‘ஏ’, ‘பி’ என்று எழுத்தை மட்டும் போட்டிருந்தால், தவறிய பிள்ளைக்கு ஏன் தவறினோம் என்பது தெரியாது. ஒரு கருவிக்கு எந்தப் பொருள் தகும், ஏன் தகும் என்று காரணம் கேட்கும் வினாக்களும் பரீட்சையில் வருகின்றன. அவற்றுக்கு நூல் முழு விடை தருகிறதா என்பதே பெரிய சோதனை.

மொழி விஷயம் சுருக்கமானது. 2016 முதல் இருமொழித் திட்டமுள்ள பள்ளிகளில் ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். பிள்ளை வகுப்பில் எந்த மொழியில் கேட்கிறதோ அந்த மொழி நூலே வேண்டும். ஒன்று போதும். பாடநூல் 2008 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரவலாகக் கிடைக்கிறது. கைநூல் அதற்குத் துணையேயன்றி மாற்றல்ல.

என் மகன் தேர்ச்சி பெற்றான். ஆனால் அவன் ஆசைப்பட்ட பொறியியல் வகுப்புக்கு அந்தப் புள்ளி போதவில்லை. 1972 முதல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை நம் வாசலிலேயே இருக்கிறது. சிறுவயதில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைக் காட்டி ஏதாவது கேட்பான். இப்போது என்னோடு கடையில் நிற்கிறான்.

இவ்வாண்டு என் மகள் நான்காம் படிவம். கைநூல் வாங்க அண்ணனையே உடன் அனுப்பினேன். தடித்த நூல் ஒன்றையும் மெல்லிய நூல் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, முதலில் பொருளடக்கத்தில் விரலை ஓட்டினானாம். அரைமணி நேரம் கழித்து மெல்லியதை எடுத்து வந்தார்கள்.