கண்ணிழந்தவர் கண்ட அழகு

ஆரணியில் பட்டுப்புடவை வாங்குவோர் நிறத்தையும் சரிகையையும் பார்ப்பர். நெய்தவரோ பாவையும் ஊடையையும் விரலால் தடவி அறிவர். மனிதரை மதிப்பதிலும் இவ்விரு வகை உண்டு. இதற்கு அண்மையிலுள்ள காஞ்சியே சான்று.

சோழன் அவையில் திருக்கண்களை இழந்தவர் கூரத்தாழ்வான். புறத்தோற்றம் மட்டும் காண்பார்க்கு அவர் இரங்கத்தக்கவரே. ஆயினும் அவர் அருளிய வரதராஜ ஸ்தவம், பேரருளாளனின் திருமேனியழகை அங்கம் அங்கமாக அனுபவிக்கிறது. கண்களை வேண்டிப் பெறுமாறு எம்பெருமானார் நியமித்திருந்தும், தம் கண்ணிழப்பிற்குக் காரணமான நாலூரானுக்கும் நற்கதியையே ஆழ்வான் வேண்டினார் என்பர் பூர்வாசார்யர்கள். உலகம் குறை கண்ட இடத்தில் இருந்தது நிறைவன்றோ!

ஆகையால் அடியார்களை உருவம், உடை, உறுப்புக்குறை கொண்டு அளவிடுதல் தகாது. அவர்களுள்ளே எம்பெருமான் உகந்து எழுந்தருளியிருக்கும் இருப்பையே நாம் நோக்கக் கடவோம்.