பாலாற்றுக்கு அந்தப் பக்கம்

உகாதிப் பண்டிகை வந்தது. வெயிலும் ஏறிவிட்டது. மேட்டூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று குடும்பத்தார் சேர்ந்து ஒரு வேன் பிடித்தார்கள். மாதேஸ்வரன் மலைக்குப் புறப்பட்டார்கள். அரிசி, பாத்திரம், பாய், போர்வை எல்லாம் ஏற்றினார்கள். வழியில் எங்காவது சமைத்துச் சாப்பிட வேண்டும். இரவு அங்கேயே தூங்க வேண்டும். இதுதான் அவர்கள் திட்டம்.

வேனில் ஒரு பெரியம்மா இருந்தார். ஐம்பது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்தவர். வழியில் பார்த்த பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே வந்தார். “கொளத்தூர்” என்று படித்தார். “பாலாறு” என்று படித்தார்.

இது வேலூர்ப் பக்கம் ஓடும் பாலாறு அல்ல. இது வேறு ஆறு. மேட்டூர் அணைக்கு மேலே காவிரியில் சேர்கிறது. இங்கே தமிழ்நாடு முடிகிறது. கர்நாடகம் தொடங்குகிறது.

ஆற்றைத் தாண்டியதும் பலகைகள் மாறின. எல்லாம் கன்னட எழுத்து.

“அடடா! மறுபடியும் கைநாட்டு ஆயிட்டேனே!” என்று பெரியம்மா சிரித்தார்.

ஓட்டுநர் ஒரு மரத்தைக் காட்டினார். “நல்ல நிழல், பெரியம்மா. இங்கேயே அடுப்பு வைக்கலாமா?”

“இரு தம்பி. அந்தப் பலகையிலே யானைப் படம் போட்டிருக்குது. ஏதோ சொல்லுது. முதல்லே கேட்போம்.”

சோதனைச் சாவடியில் இருந்த காவலரைக் கேட்டார்கள். அவருக்குத் தமிழ் தெரியும்.

“காட்டுக்குள்ளே எங்கேயும் இறங்காதீங்க. தீ மூட்டாதீங்க. இருட்டறதுக்கு முன்னாடி மலைக்குப் போயிடுங்க. அங்கே தங்க அறை கிடைக்கும். கோயில்லே சாப்பாடும் போடுவாங்க” என்றார்.

வேன் மலை ஏறியது.

காட்டில் ஏன் தங்கக் கூடாது?

மாதேஸ்வரன் மலை முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. வீரப்பன் காலத்தில் இந்த வழியில் போகவே மக்கள் பயந்தார்கள். அவர் 2004இல் இறந்தார். அந்தப் பயம் இப்போது இல்லை. ஆனால் காடு காடுதான். 2013இல் அரசு இதை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. இங்கே யானை, புலி, சிறுத்தை வாழ்கின்றன.

கோடையில் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். அடுப்பில் இருந்து ஒரு பொறி பறந்தால் போதும். மலையே எரியும். மிச்சச் சோற்றைக் கொட்டினால் குரங்குகள் சாலைக்கு வரும். வண்டியில் அடிபடும். உணவு வாசனைக்கு யானையும் வரும். பிளாஸ்டிக் பையைத் தின்ற மானும் மாடும் வயிறு அடைத்துச் சாகும்.

சாமியின் வாகனம்

இரவு அவர்கள் மலைமேல் பாய் விரித்துத் தூங்கினார்கள். காலையில் கோயிலுக்குப் போனார்கள். மாதேஸ்வர சாமிக்குப் புலிதான் வாகனம். புலி வாகனத்தில் சாமி பவனி வந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள்.

அப்போது உள்ளூர்க்காரர் ஒருவர் ஒரு செய்தி சொன்னார். 2025 ஜூன் மாதம் இந்த மலைக்காட்டில் ஒரு தாய்ப்புலி இறந்தது. அதன் நான்கு குட்டிகளும் இறந்தன. புலி ஒரு மாட்டை அடித்திருந்தது. அந்த மாட்டின் உடலில் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். அதைத் தின்றதால் ஐந்தும் செத்தன.

பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “மாட்டைப் பறிகொடுத்தவன் வயிறு எரியத்தான் செய்யும். அதுக்கு அரசாங்கத்துக்கிட்டே நஷ்டஈடு கேட்கலாம். எழுதிக் கொடுக்கணும். விஷம் வைக்கக் கூடாது. கும்பிடறதும் புலியை, கொல்றதும் புலியையா?”

திரும்பும்போது அவர்கள் தங்கள் குப்பையை ஒரு சாக்கில் கட்டினார்கள். ஊருக்கே கொண்டுவந்தார்கள்.

சேர்த்துப் படியுங்கள்

சரணாலயம், வாகனம், சோதனைச் சாவடி, நஷ்டஈடு, எல்லை

விடை எழுதுங்கள்

1. பெரியம்மா ஏன் வண்டியை நிறுத்தவிடவில்லை?
2. காட்டில் ஏன் தீ மூட்டக் கூடாது?
3. உங்கள் மாட்டைப் புலி அடித்தால் என்ன செய்வீர்கள்?

செய்து பாருங்கள்

திருவிழாக் கூட்டத்தில் குழந்தைகள் காணாமல் போவது உண்டு. ஒரு துண்டுச் சீட்டில் குழந்தையின் பெயர், உங்கள் ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றை உங்கள் கையாலேயே எழுதுங்கள். புறப்படும் முன் குழந்தையின் சட்டைப்பையில் வையுங்கள்.