ஆட்குறைப்பு: சட்டம் எதுவரை? நியாயம் எதுவரை?



ஆங் மோ கியோவில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளியை உதாரணமாகக் கொள்வோம். வியாபாரம் மந்தம். மூன்று சிப்பந்திகளுக்குச் சம்பளம் கொடுக்க இயலவில்லை. பத்து வருஷம் உழைத்த ஒருவரை நிறுத்த நினைக்கிறார். இது சட்டப்படி செல்லுமா?

செல்லும். 1968 ஆகஸ்ட் 15 முதல் அமலிலிருக்கும் சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டம் ஆட்குறைப்பைத் தடுக்கவில்லை. ஆனால் சொல்லும் காரணம் மெய்யாயிருக்க வேண்டும். வேலையே இல்லையென்று ஒருவரை அனுப்பிவிட்டு, உடனே அதே வேலைக்கு வேறொருவரை அமர்த்தினால் அது ஆட்குறைப்பன்று, முறையற்ற பணிநீக்கம். அப்படி நீக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் முறையிடலாம். முதலில் சமரசம் நடக்கும். தீராவிட்டால் வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போகும்.

இனி, முதலாளி கவனிக்க வேண்டியவை:

1. நோட்டீஸ். ஒப்பந்தத்தில் கெடு குறிக்கப்படாவிடில், 26 வாரத்துக்குக் குறைந்த சேவைக்கு ஒரு நாள். அதற்கு மேல் இரண்டு வருஷத்துக்குள் ஒரு வாரம். ஐந்து வருஷத்துக்குள் இரண்டு வாரம். ஐந்தும் அதற்கு மேலும் நான்கு வாரம். நோட்டீஸுக்குப் பதில் அக்காலச் சம்பளத்தையும் கொடுக்கலாம்.

2. அறிவிப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், சிப்பந்தியிடம் சொன்ன ஐந்து வேலை நாட்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும்.

3. வெளிநாட்டார். வேலை அனுமதிச்சீட்டில் வந்தவரை ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியைச் சேர்ந்தது.

உதவித்தொகை விஷயத்தில்தான் மனஸ்தாபம் பிறக்கிறது. இரண்டு வருஷம் சேவை செய்தவர் அதைக் கேட்கலாம். ஆனால் எவ்வளவு என்று சட்டம் நிர்ணயிக்கவில்லை. ஒப்பந்தத்தில் இருந்தால் அதன்படி, இல்லையேல் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். வருஷத்துக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது இங்குள்ள வழக்கம். நம் உதாரணச் சிப்பந்திக்கு மாதம் 2,000 வெள்ளி என்றால், பத்து வருஷத்துக்கு ஏறத்தாழ 9,200 வெள்ளியும் ஆகலாம், 20,000 வெள்ளியும் ஆகலாம். இந்த இடைவெளியில் ஒரு குடும்பத்தின் பல மாதச் சாப்பாடு அடங்கியிருக்கிறது. கடை நொடித்திருக்கும் வேளையில் முதலாளிக்கும் அது சிறு தொகையன்று.

ஆகவே, பேச்சை நெருக்கடி வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். 2016 ஏப்ரல் முதல் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுப்பது கட்டாயம். அந்தத் தாளிலேயே உதவித்தொகையையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். வியாபாரம் நன்றாக நடக்கும்போது எழுதிய ஒரு வரி, கஷ்டகாலத்தில் இரு தரப்பாரின் மனக்கசப்பையும் தவிர்க்கும். பத்து வருஷம் கல்லாவைக் காத்தவர், போகும்போது கடையை வாழ்த்திவிட்டுப் போகட்டும்.