காலுக்கு ஒரு மாற்றுப் பாதை: பைபாஸ் அறுவைக்குப் பின் என்ன எதிர்பார்க்கலாம்?

"கால் தப்புமா, டாக்டர்?" காலில் இரத்த ஓட்டம் குறைந்த நோயாளியின் குடும்பத்தினர் எங்களிடம் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் விரல் கறுத்த பிறகே இக்கேள்வி எழுகிறது என்பதே எங்கள் வருத்தம்.

இதய பைபாஸ் பற்றி அறியாதவர் இல்லை. காலுக்கும் அவ்வாறு செய்யலாம் என்றால் பலர் வியக்கின்றனர். உண்மையில் மூத்தது கால் பைபாஸ்தான். 1948ஆம் ஆண்டிலேயே பாரிசில் ழான் குன்லின் என்ற அறுவை மருத்துவர், நோயாளியின் சொந்தச் சிரையைக் கொண்டே அடைப்பைத் தாண்டி இரத்தத்திற்குப் புதுவழி அமைத்தார். இன்றும் அச்சிரைக்கு நிகரான பொருள் இல்லை. செயற்கைக் குழாய்கள் உள்ளன. ஆனால் முழங்காலுக்குக் கீழே அவை சிரையைவிட விரைவில் அடைத்துக்கொள்கின்றன.

எல்லா நோயாளிகளுக்கும் அறுவை தேவையில்லை. நாவலூர்ப் பேருந்து நிறுத்தம்வரை நடந்தால் கெண்டைக்கால் இறுகுகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்பவர்களுக்கு முறையான நடைப்பயிற்சியும் மாத்திரைகளும் புகையிலையைக் கைவிடுவதுமே முதல் மருத்துவம். படுத்திருக்கும்போதும் பாதம் வலிப்பது, ஆறாத புண், கறுத்த விரல் ஆகிய நிலைகளில்தான் பைபாஸ், பலூன் சிகிச்சை பற்றிய பேச்சு எழுகிறது. சர்க்கரை நோயாளிகளிடம் இங்கு ஓர் ஏமாற்று உண்டு. நரம்பு மரத்துப்போனவருக்கு வலியே தெரியாது. திருப்போரூர்க் கோயில் பிரகாரத்தின் வெயிற்கல்லில் வெறுங்காலோடு சுற்றிவந்து, மறுநாள் கொப்புளத்தைக் கண்ட பிறகே பதறுவர். சென்னை நகர மக்களிடையே நடத்தப்பெற்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயுள்ளோரில் 6.3 விழுக்காட்டினருக்கும் இல்லாதோரில் 2.7 விழுக்காட்டினருக்கும் கால் தமனி நோய் காணப்பட்டது.

இனி, பலன்கள். வட அமெரிக்காவில் கால் இழக்கும் நிலையிலிருந்த 1,404 பேருக்குச் சிரை கொண்டு பைபாஸ் செய்து தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் 88 விழுக்காட்டினரின் கால் காக்கப்பட்டிருந்தது. முதல் முப்பது நாட்களில் 2.7 விழுக்காட்டினர் இறந்தனர். ஓராண்டில் உயிரோடிருந்தோர் 84 விழுக்காட்டினர். இந்த எண்ணைக் குடும்பத்தினரிடம் நாங்கள் மறைப்பதில்லை. காலின் தமனியை அடைத்த அதே நோய் இதயத்தையும் மூளையையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே அறுவைக்கு முன் இதயத்தைச் சோதிப்பதை வீண்செலவென எண்ண வேண்டாம்.

அதே ஆய்வில் எங்களை மிகவும் சிந்திக்க வைப்பது வேறொன்று. மறுசிகிச்சை ஏதுமின்றி ஓராண்டு திறந்திருந்த சிரைகள் 61 விழுக்காடே. சுருங்கியவற்றையும் அடைத்தவற்றையும் சீர்செய்தபின் அது 80 ஆக உயர்ந்தது. இடைப்பட்ட இந்த வேறுபாடு தொடர் கண்காணிப்பின் பயன். முதல் இரண்டு ஆண்டுகளில் சிரையின் உட்சுவர் தடித்துக் குழாய் சுருங்கக்கூடும். நோயாளிக்கு அது தெரியாது, டாப்ளர் ஸ்கேனுக்குத் தெரியும். "நன்றாகத்தானே நடக்கிறார்" என்று ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

பைபாஸா, பலூனா? 2022இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில் நல்ல சிரை உள்ளோருக்குப் பைபாஸே மேலெனத் தெரிந்தது: மரணமோ காலுக்குப் பெருங்கேடோ நேர்ந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 42.6 விழுக்காடு, பலூன் முதலிய சிகிச்சைப் பிரிவில் 57.4. மறு ஆண்டே, முழங்காலுக்குக் கீழுள்ள அடைப்புகளை ஆராய்ந்த பேசில்-2, 345 நோயாளிகளிடம் இதற்கு நேர்மாறான முடிவைக் கண்டது. இரண்டும் நேர்மையான ஆய்வுகளே; நோயாளிகள் வேறு, அடைப்பின் இடமும் வேறு. எங்கள் கருத்தில், சிரை தரமாக இருந்து உடலும் தாங்குமெனில் பைபாஸைத் தயங்காமல் கேட்கலாம். முதுமையும் இதய நலிவும் மிகுந்தவருக்குப் பலூனே கருணையான வழி. ஆகவே முடிவெடுக்குமுன் தொடைச் சிரையை ஸ்கேன் செய்தார்களா என்று கேளுங்கள்.

வீடு திரும்பியபின் கால் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் வீங்கியிருக்கும்; படுக்கையில் உயர்த்தி வைத்தால் குறையும். பழைய புண் ஆறவும் மாதங்கள் ஆகலாம். ஆஸ்பிரினையும் கொழுப்புக் குறைப்பு மாத்திரையையும் தாமாக நிறுத்தலாகாது. புகைப்பவருக்குப் புதிய குழாய் அடைபடும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. பீடி, சிகரெட் எதுவாயினும் இதில் சலுகையில்லை.

பைபாஸ் செய்த கால் திடீரெனச் சில்லிட்டு, வெளிறி, மரத்துப்போனால் எண்ணெய் தேய்ப்பதோ வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதோ கூடாது. காலை வரட்டுமென்று காத்திராமல், நள்ளிரவாயினும் 108ஐ அழைத்து அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். ஆறு மணி நேரத்திற்குள் இரத்த ஓட்டம் மீண்டால் காலைக் காக்கும் வாய்ப்பு மிகுதி.